டிரெய்னரிடம் பணம் கட்டும் முன்: உறுதியான குரலை நம்பி ஏமாறாமல் இருக்க ஒரு வழிகாட்டி

ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு, ஐந்தாவது மாதமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவன் நான். எனக்குப் பயிற்சி கொடுத்தவர் மோசடிக்காரர் என்று சொல்லமாட்டேன். சொன்னதையெல்லாம் அவரே முழுதாக நம்பினார். முதல் நாள் என்னை நிற்கவைத்து இரண்டு நிமிடம் பார்த்தார். "இடது கால் குட்டையாக இருக்கிறது, அதனால் இடுப்பு சாய்ந்திருக்கிறது, மூன்று மாதத்தில் சரிசெய்துவிடலாம்" என்றார். அந்தக் குரலில் துளிகூடத் தயக்கம் இல்லை. அந்த உறுதியையே நான் அறிவு என்று எடுத்துக்கொண்டேன். டெட்லிஃப்ட், அதாவது தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிரும் பயிற்சி, செய்யும்போது இடுப்பில் வலி வந்ததும் "இது நல்ல வலிதான்" என்றார். ஆறு வாரம் அதே எடையைத் தூக்கினேன். கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் என்னைப் படுக்கவைத்து, நாடாவை வைத்து அளந்தார். இரண்டு கால்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை.

நீங்கள் முதல்முறை ஜிம்மில் சேரப் போகிறீர்கள், அல்லது ஆன்லைனில் ஒரு கோச்சைத் தேடுகிறீர்கள் என்றால், நான் பட்டதை நீங்களும் பட வேண்டியதில்லை. நல்ல பயிற்சியாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்கத்தான் இந்தப் படிகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வாரம் ஒதுக்குங்கள். அந்த ஒரு வாரத்தில் யாருக்கும் பணம் கட்டாதீர்கள்.

1. முதலில் உங்கள் சொந்தக் காகிதங்கள்

ஒரு பயிற்சியாளரைப் பார்க்கப் போகும் முன் உங்களைப் பற்றிய தகவல் ஒரு தாளில் இருக்க வேண்டும். பழைய காயங்கள், அறுவை சிகிச்சைகள், இப்போது சாப்பிடும் மருந்துகள், ரத்த அழுத்தம், சர்க்கரை, மூச்சிரைப்பு, குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதிலேயே இதயப் பிரச்சினை இருந்ததா என்பதெல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

அடுத்து, பார்-க்யூ பிளஸ் (PAR-Q+) என்ற கேள்வித்தாளை நிரப்புங்கள். உடற்பயிற்சி தொடங்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்று தெரிந்துகொள்ள உதவுவது அது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் பக்கத்தில் 7 கேள்விகள்தான். ஏழுக்கும் "இல்லை" என்றால் மெதுவாகத் தொடங்கலாம். ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் அடுத்த பக்கங்களில் உள்ள துணைக் கேள்விகளுக்குப் போக வேண்டும், தேவைப்பட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நிரப்பிய தாள் அதிகபட்சம் 12 மாதங்களுக்குத்தான் செல்லும். இடையில் உடல்நிலை மாறினால் மறுபடி நிரப்ப வேண்டும்.

இந்தத் தாளால் இன்னொரு பயனும் உண்டு. நீங்கள் நீட்டும்போது எதிரே இருப்பவர் அதை என்ன செய்கிறார் என்று பாருங்கள். படித்து, இரண்டு மூன்று கேள்வி கேட்டால் நல்லது. "இதெல்லாம் தேவையில்லை, நான் பார்த்தாலே சொல்லிவிடுவேன்" என்றால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். என் விஷயத்தில் யாரும் தாள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஒன்று என்று எனக்கும் தெரியவில்லை.

2. சான்றிதழைக் கண்ணால் பாருங்கள், பிறகு பதிவேட்டிலும் தேடுங்கள்

பல நாடுகளில் "பெர்சனல் டிரெய்னர்" என்று போட்டுக்கொள்ள எந்த உரிமமும் வேண்டாம். நாளைக் காலை நீங்களும் நானும் போட்டுக்கொள்ளலாம். அதனால் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் காகிதத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நான் பார்த்த சுவரில் ஐந்து சட்டங்கள் இருந்தன. அவற்றில் மூன்று, வார இறுதிப் பயிற்சி முகாமில் கலந்துகொண்டதற்கான வருகைச் சான்றுகள். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

என்ன கேட்க வேண்டும்? சான்றிதழின் பெயர், அதைக் கொடுத்த அமைப்பு, காலாவதித் தேதி, அடையாள எண். இந்த நான்கும் கிடைத்தால் மீதி அரை மணி நேர வேலை. உலகம் முழுவதும் அறியப்பட்ட சில அமைப்புகள் உண்டு: என்.எஸ்.சி.ஏ., ஏ.சி.எஸ்.எம்., ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம். இவை நான்குமே அமெரிக்காவைச் சேர்ந்தவை. ஒருவருடைய சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா என்று சரிபார்க்கும் வசதி இவற்றின் தளங்களில் உண்டு. உங்கள் நாட்டுக்கென்று தனிப் பதிவேடு இருந்தால் அதிலும் தேடுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது காலாவதி. ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம். சான்றிதழ்களை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், என்.எஸ்.சி.ஏ., ஏ.சி.எஸ்.எம். சான்றிதழ்களை 3 ஆண்டுக்கு ஒருமுறையும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கத் தொடர்ந்து படித்ததற்கான மதிப்பெண்கள் காட்ட வேண்டும். பத்து வருடத்துக்கு முன் வாங்கிய சான்றிதழை இன்னும் காட்டிக்கொண்டிருப்பவர் அதற்குப் பிறகு எதுவும் படித்தாரா என்பதற்கு ஆதாரம் இல்லை. அதோடு இதய இயக்க மீட்பு முதலுதவிச் சான்றிதழையும் கேளுங்கள், அதாவது சி.பி.ஆர். பயிற்சி. எடை தூக்கும் இடத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால் அந்தப் பயிற்சிதான் உதவும், தசைகளின் பெயர் தெரிந்திருப்பது உதவாது.

உணவு விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. டயட்டீஷியன் என்பது பிரிட்டன் போன்ற நாடுகளில் சட்டப் பாதுகாப்பு உள்ள பட்டம். பதிவு இல்லாமல் பயன்படுத்தினால் குற்றம். "நியூட்ரிஷனிஸ்ட்" என்ற சொல்லுக்கு அங்கேயே அந்தப் பாதுகாப்பு இல்லை. டிரெய்னர் பொதுவான உணவு ஆலோசனை சொல்லலாம், தவறில்லை. சர்க்கரை நோய், சிறுநீரகப் பிரச்சினை, கர்ப்பம், உண்ணுதல் சார்ந்த மனச்சிக்கல் என்று எதுவாவது இருந்தால் அவர் தரும் டயட் சார்ட்டை ஒதுக்கிவிட்டு முறையாகப் படித்தவரிடம் போங்கள். என் டயட் சார்ட்டின் மூன்றாவது பக்கத்தில் வேறொருவருடைய பெயர் அழிக்கப்படாமல் இருந்தது. "உங்களுக்கென்றே தயாரித்தது" என்று சொல்லித்தான் தனிக் கட்டணம் வாங்கியிருந்தார்.

சான்றிதழ் இருந்தால் மட்டும் நல்லவர் என்று ஆகிவிடாது. படித்துவிட்டும் அளவுக்கு மீறி அடித்துப் பேசுகிறவர்கள் உண்டு. அதனால்தான் அடுத்த படி.

3. பணம் பேசும் முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்

நேரிலோ தொலைபேசியிலோ இருபது நிமிடம் போதும். சண்டைக்கு இழுக்கும் தொனி வேண்டாம். தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவராகக் கேளுங்கள்.

"நீங்கள் முன்பு நம்பி, பிறகு மாற்றிக்கொண்ட விஷயம் ஏதாவது உண்டா?" இது என் முதல் கேள்வி, எனக்கு மிகவும் பயன்பட்டதும் இதுதான். இந்தத் துறையில் சில வருடம் உண்மையாக உழைத்த எவரிடமும் இதற்குப் பதில் இருக்கும். எல்லோரையும் ஒரே மாதிரி ஸ்குவாட் செய்யச் சொன்னதைச் சொல்வார்கள், பயிற்சிக்கு முன் நீண்ட நேரம் அசையாமல் நீட்டி நிற்க வைத்ததைச் சொல்வார்கள். ஒன்றுமே இல்லை என்பவர் கற்றுக்கொள்வதை நிறுத்திவிட்டவர்.

"இந்த முறை யாருக்குச் சரிவராது?" என்பது அடுத்தது. "எல்லோருக்கும் சரிவரும்" என்ற பதில் வந்தால் எச்சரிக்கை.

"எனக்கு வலி வந்தால் என்ன செய்வீர்கள், யாரிடம் அனுப்புவீர்கள்?" என்று கேளுங்கள். மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் என்று யாரையாவது சொல்கிறாரா என்று பாருங்கள். தானே பார்த்துக்கொள்வேன் என்பவரிடம் என் இடுப்பு என்ன ஆனது என்று மேலே சொல்லிவிட்டேன்.

"பலன் தெரியவில்லை என்றால் எத்தனை வாரத்தில் திட்டத்தை மாற்றுவீர்கள், எதை அளந்து முடிவெடுப்பீர்கள்?" என்றும் கேட்கலாம். பலன் வராவிட்டால் அது உங்கள் ஒழுக்கக்குறைவுதான் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறவர், தன் திட்டம் தவறாக இருக்க வாய்ப்பே இல்லாதபடி அமைத்துக்கொள்கிறார்.

இப்போது நான் பயிற்சி எடுப்பவரிடம் முழங்கால் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். "எனக்குத் தெரியவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார். இரண்டு நாள் கழித்துப் பதில் அனுப்பினார். அவரைத் தேர்ந்தெடுக்க அந்த ஒரு பதில் போதுமானதாக இருந்தது.

4. அடித்துச் சொல்லும் கூற்றுகளைச் சோதிப்பது எப்படி

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு நோட்டில் அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள். எழுதும்போதே பாதி தெளிவாகிவிடும். "கொழுப்பு உருகும்", "உடம்பு சுத்தமாகும்", "மெட்டபாலிசம் திறந்துகொள்ளும்" போன்ற சொற்களை எழுதிவிட்டுப் பாருங்கள். எதை அளந்தால் இது நடந்தது என்று தெரியும்? அளக்க வழியே இல்லை என்றால் அது கூற்றே கிடையாது, ஓரமாக வையுங்கள்.

அளக்க முடிந்தவற்றைச் சோதியுங்கள். நான் அடிக்கடி கேட்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

"இந்தப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் குறையும்." வேலை செய்யும் தசையின் மேலிருக்கும் கொழுப்புதான் முதலில் கரையும் என்றால், டென்னிஸ் வீரர்களின் ஆடும் கையில் தோலுக்கடியில் கொழுப்பு குறைவாக இருக்க வேண்டும். 1971-இல் அதைத்தான் அளந்து பார்த்தார்கள். ஆடும் கையில் தசை பெரிதாக இருந்தது. தோலுக்கடியில் இருந்த கொழுப்பின் தடிமனில் இரண்டு கைகளுக்கும் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. எங்கிருந்து கொழுப்பு முதலில் போகும் என்பதைப் பெரும்பாலும் உங்கள் உடல்வாகுதான் முடிவுசெய்கிறது.

"மறுநாள் வலிப்பது லாக்டிக் அமிலத்தால், அதைத் தேய்த்து வெளியேற்ற வேண்டும்." கடும் பயிற்சியில் ஏறும் லாக்டேட் பயிற்சி முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. நீங்கள் உணரும் வலியோ 24 முதல் 72 மணி நேரத்தில்தான் உச்சத்துக்கு வருகிறது. நேரக் கணக்கே ஒத்துப்போகவில்லை. பழக்கமில்லாத வேலையால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் அழற்சியும்தான் அதற்குக் காரணம் என்பது இன்றைய விளக்கம். அப்புறம், வலித்தால்தான் பலன் என்பதும் சரியல்ல. ஒரே பயிற்சியைச் சில வாரம் செய்தால் வலி குறைந்துவிடும், முன்னேற்றம் நிற்காது.

"முதல் வாரத்திலேயே மூன்று கிலோ குறைத்துக் காட்டுகிறேன்." காட்டலாம், பெரும்பாலும் தண்ணீரை. மாவுச்சத்தை உடல் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது, அது ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. மாவுச்சத்தை வெட்டென்று நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து வெளியேறும், எடைக் கருவி மகிழ்ச்சியான எண்ணைக் காட்டும். பழைய உணவுக்குத் திரும்பியதும் எடையும் திரும்பிவிடும். வியர்வையும் இப்படித்தான். நனைந்த சட்டை கொழுப்பு குறைந்ததற்கு அடையாளம் ஆகாது.

"உங்கள் இதயத் துடிப்பு சரியாக இத்தனைக்கு மேல் போகக்கூடாது." 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு எல்லா இடத்திலும் இருக்கிறது. அது சராசரிக்கான கணக்கு. தனி மனிதர்களிடம் உண்மையான உச்சத் துடிப்பு அதிலிருந்து 10, 12 துடிப்பு மேலோ கீழோ இருப்பது சாதாரணம், அதற்கும் மேல் விலகுவதும் உண்டு. ஒற்றை எண்ணைச் சொல்லி அதில் நிற்பவர் கணக்கின் பிழையைச் சேர்த்துச் சொல்லவில்லை.

இனி, மிக அதிகமாகக் கேட்கப்படும் ஆதாரம்: "எனக்கு வேலை செய்தது." இது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் உங்களுக்கு உதவாது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் 585 பேருக்கு ஒரே மாதிரியான கைப் பயிற்சியை 12 வாரம் கொடுத்தார்கள். தசையின் அளவு சிலருக்கு 2 சதவீதம் குறைந்தது, ஒருவருக்கு 59 சதவீதம் கூடியது. பலம் சிலருக்குக் கூடவே இல்லை, உச்சத்தில் இருந்தவருக்கு 250 சதவீதம் கூடியது. பயிற்சி ஒன்றேதான். அந்த உச்சியில் இருப்பவர் பயிற்சியாளராக வந்து நின்று, தன் உடம்பைக் காட்டி, தன் முறையைப் போதித்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அவர் நேர்மையாகவே பேசுவார், நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

"ஆய்வு சொல்கிறது" என்பவரிடம் எந்த ஆய்வு என்று கேளுங்கள். பப்மெட் தளத்தில் ஆய்வுகளின் சுருக்கங்களை இலவசமாகப் படிக்கலாம். முழுதும் புரிய வேண்டியதில்லை. மனிதர்களிடம் செய்ததா எலிகளிடம் செய்ததா, எத்தனை பேர், எத்தனை வாரம், ஒப்பிட இன்னொரு குழு இருந்ததா, பணம் கொடுத்தது யார் என்ற ஐந்தையும் பாருங்கள். கடைசிக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்தாலே தசை இறுகும் என்று விளம்பரப்படுத்திய ஷேப்-அப்ஸ் காலணிகளுக்காக ஸ்கெச்சர்ஸ் நிறுவனம் 2012-இல் அமெரிக்காவில் பொய் விளம்பரங்களைக் கண்காணிக்கும் எஃப்.டி.சி. ஆணையத்தோடு 4 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. விளம்பரத்தில் சுயாதீன ஆய்வு என்று சொல்லிக் காலணியைப் பரிந்துரைத்தவர் அந்த நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் அதிகாரி ஒருவருடைய கணவர் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

ஒரே ஆய்வை நம்புவதைவிடப் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கட்டுரைகளைத் தேடுங்கள். உதாரணமாக, புரதம் எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கு 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று உண்டு. எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 கிராமுக்கு மேல் போனால் சராசரியாகக் கூடுதல் தசை கிடைக்கவில்லை என்றது. "மூன்று கிராமாவது வேண்டும்" என்று யாராவது அடித்துச் சொன்னால் உங்களிடம் இப்போது ஓர் அளவுகோல் இருக்கிறது.

5. படங்களை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

முன்பும் பின்பும் எடுத்த படங்களைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சம், கோணம், வயிற்றை உள்ளிழுப்பது, பயிற்சி முடிந்தவுடன் தசை புடைத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்ந்தால் ஒரே நாளிலேயே இரண்டு உடம்பு காட்டலாம். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாதியில் விட்டார்கள் என்று கேளுங்கள். சுவரில் இருக்கும் பத்துப் படம் விட்டுப்போன நூறு பேரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

பயிற்சியாளரின் சொந்த உடம்பும் இப்படித்தான். மரபு, பல வருட உழைப்பு, சிலரிடம் சொல்லப்படாத ஊக்க மருந்து. "லிவர் கிங்" என்ற பெயரில் பிரபலமான பிரயன் ஜான்சன், தன் உடம்புக்கு ஆதி மனித வாழ்க்கைமுறைதான் காரணம் என்று சொல்லி சப்ளிமென்ட் விற்றுவந்தார். 2022 டிசம்பரில் ஸ்டீராய்டு எடுத்ததை ஒப்புக்கொண்டு வீடியோ வெளியிட்டார். அதற்கு முன்பு அவர் மறுத்தபோதும் அதே உறுதியோடுதான் மறுத்தார்.

6. டப்பாக்களை விற்பவர் யார் என்று பாருங்கள்

உங்களுக்கு அறிவுரை சொல்பவரே பொருளையும் விற்றால் இரண்டையும் பிரித்துவிடுங்கள். "சப்ளிமென்ட் இல்லாமல் திட்டம் நடக்குமா?" என்று கேளுங்கள். நடக்கும் என்பதே நேர்மையான பதில்.

பெரும்பாலான டப்பாக்களுக்கு நல்ல ஆதாரம் கிடையாது. கிரியேட்டின் மோனோஹைட்ரேட்டுக்கு உண்டு, நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் போதும், அலங்காரப் பெயர் சேர்த்த விலை உயர்ந்த வகைகள் தேவையில்லை. புரோட்டீன் பவுடர் ஓர் உணவுதான். சாப்பாட்டிலிருந்தே புரதம் போதுமான அளவு கிடைத்தால் அது வேண்டாம். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் இரண்டையும் மருத்துவரிடம் கேட்காமல் தொடக்கூடாது.

கொழுப்பைக் கரைக்கும் மாத்திரைகள், "ஹார்மோன் ஏற்றிகள்" பக்கம் போகவே போகாதீர்கள். அமெரிக்காவில்கூட சப்ளிமென்ட்கள் சந்தைக்கு வரும் முன் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஒப்புதல் பெற வேண்டியதில்லை. லேபிளில் இல்லாத மருந்துகள் இத்தகைய டப்பாக்களில் திரும்பத் திரும்பப் பிடிபட்டிருக்கின்றன. வாங்கியே ஆக வேண்டும் என்றால் 'இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்' அல்லது 'என்.எஸ்.எஃப். சர்ட்டிஃபைடு ஃபார் ஸ்போர்ட்' முத்திரை உள்ளதை வாங்குங்கள், டப்பாவில் அச்சிட்டிருக்கும் தொகுதி (பேட்ச்) எண்ணை முத்திரை கொடுத்தவர்களின் தளத்தில் சரிபாருங்கள். லேபிள் இல்லாமல் கவரில் கட்டித் தரும் எதையும் வாங்காதீர்கள், கொடுப்பவர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் சரி.

7. பணமும் ஒப்பந்தமும்

என் பெரிய தவறு இங்கேதான். ஒரு வருடம் மொத்தமாகக் கட்டினால் கட்டணம் பாதி என்றார்கள், சலுகை அன்று மாலையோடு முடிகிறது என்றார்கள். அடுத்த வாரமும் அதே சலுகை இருந்தது. ஐந்தாவது மாதம் விலகியபோது மீதிப் பணம் வரவில்லை. திரும்பத் தரப்படாது என்ற வரி ரசீதின் பின்பக்கத்தில் இருந்தது.

முதலில் ஒரே ஒரு சோதனை வகுப்பு, அதன்பின் ஒரு மாதம், அது சரியாகப் போனால் மூன்று மாதம். மாதக் கணக்கில் கட்டினால் மொத்தத்தில் கூடுதலாகத்தான் ஆகும். விரும்பும்போது வெளியேறும் உரிமைக்கான விலை அது, கொடுக்கலாம்.

கையெழுத்துப் போடும் முன் காகிதத்தில் இவை இருக்கின்றனவா என்று தேடுங்கள்: காயம் அல்லது நோய் வந்தால் நிறுத்திவைக்க முடியுமா, எத்தனை நாள் முன்னறிவிப்பில் விலகலாம், தானாகப் புதுப்பிக்கப்படுமா, பயிற்சியாளர் மாறினால் என்ன ஆகும், தவறவிட்ட வகுப்புக்கு மாற்று உண்டா. வாயால் சொன்ன வாக்குறுதி எதுவானாலும் அதை நீங்களே ஒரு செய்தியாக எழுதி அனுப்பி, "நாம் பேசியது இதுதானே?" என்று கேளுங்கள். பதில் வந்துவிட்டால் அதுவே ஆவணம். கட்டணம் தவிர வேறு செலவு என்னென்ன என்றும் கேட்டுவிடுங்கள். சேர்க்கைக் கட்டணம், டயட் சார்ட், செயலிச் சந்தா, "கட்டாய" சப்ளிமென்ட் என்று எனக்குத் தனித்தனியாக வந்தவற்றைக் கூட்டிப் பார்த்தால் அடிப்படைக் கட்டணத்தையே தொட்டுவிட்டன.

காப்பீடு இருக்கிறதா என்று பயிற்சியாளரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். தொழில்முறையாக இருப்பவர்களுக்கு அது பழக்கமான கேள்விதான்.

8. முதல் 12 வாரங்களின் கால அட்டவணை

எப்போது என்ன எதிர்பார்க்கலாம் என்று தெரிந்திருந்தால் யாரும் உங்களை அவசரப்படுத்த முடியாது.

முதல் நாளே எடை, இடுப்புச் சுற்றளவு, எத்தனை புஷ்-அப், பதினைந்து நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று எழுதிவையுங்கள். உங்கள் நோட்டில், உங்கள் கையால். அவருடைய செயலியில் மட்டும் இருந்தால் விலகும்போது அதுவும் போய்விடும்.

1 முதல் 4 வாரம் வரை பலம் வேகமாகக் கூடும். அது பெரும்பாலும் நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதால் வருவது. தசை இன்னும் பெரிதாக வளர்ந்திருக்காது. எந்த ஒழுங்கான திட்டத்திலும் புதியவர்களுக்கு இது நடக்கும். "என் முறையின் ரகசியம் பார்த்தீர்களா?" என்று யாராவது பெருமை கொண்டால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று மாதத் தொகுப்பை விற்க முயல்வதும் இந்தக் கட்டத்தில்தான்.

கண்ணுக்குத் தெரியும் மாற்றத்துக்கு 8 முதல் 12 வாரம் ஆகலாம். எடை குறைப்பதுதான் நோக்கம் என்றால் வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை நியாயமான வேகம். தினமும் பார்க்காமல் வார சராசரியைப் பாருங்கள்.

எவ்வளவு செய்தால் போதும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் இருக்கிறது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம், அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான இயக்கம், அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி. தினம் இரண்டு மணி நேரம் வராவிட்டால் பயனில்லை என்பவரிடம் இந்த அளவை வைத்துப் பேசலாம்.

9. உடனே நிறுத்த வேண்டிய நேரங்கள்

நெஞ்சில் அழுத்தம், மயக்கம், இயல்புக்கு மீறிய மூச்சுத்திணறல் வந்தால் பயிற்சியாளர் என்ன சொன்னாலும் நிறுத்திவிட்டு உடனே அவசர மருத்துவ உதவி தேடுங்கள்.

கூர்மையான வலி, ஒரு மூட்டில் மட்டும் வலி, கை கால் மரத்துப்போவது, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி இவையெல்லாம் பயிற்சியால் வரும் சாதாரணத் தசைவலி அல்ல. நான் இவற்றில் இரண்டை ஆறு வாரம் பொறுத்துக்கொண்டேன். நீங்கள் ஆறு நாள்கூடப் பொறுக்க வேண்டாம்.

இன்னொன்றைப் புதியவர்கள் அவசியம் தெரிந்திருக்க வேண்டும். முதல் வகுப்பிலேயே எல்லை மீறிச் செய்யவைத்து, அடுத்த ஓரிரு நாளில் தசைகள் வீங்கி, கையை நீட்டவே முடியாத வலியோடு சிறுநீர் அடர் பழுப்பு நிறத்தில் போனால் அது ராப்டோமயோலிசிஸ் ஆக இருக்கலாம். தசை சிதைந்து அதன் பொருட்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளாதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்புகிறவர்களுக்கும் இது வரலாம். முதல் நாளே உங்களை வாந்தி எடுக்கவைப்பதைப் பெருமையாகச் சொல்லும் இடத்தில் சேராதீர்கள்.

10. விலகுவது

விலக முடிவெடுத்தால் காரணம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். தேதியோடு எழுத்தில் கொடுங்கள், தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாட்டை வங்கியில் நிறுத்துங்கள், நிறுத்தியதற்கான உறுதியைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். காயம் காரணம் என்றால் மருத்துவரின் குறிப்பை இணைத்தால் மீதிக் கட்டணத்தைக் கேட்கும்போது வலு இருக்கும். எனக்கு அது தெரிந்தபோது கோருவதற்கான கெடு தாண்டியிருந்தது. உங்கள் ஒப்பந்தத்தில் அந்தக் கெடு எத்தனை நாள் என்று சேரும் அன்றே பார்த்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.